டச்பேடை வாயடைக்க லினக்ஸில் என்ன இருக்கிறது? ஒரு மெய்ப்பாளரின் மதிப்பீடு

எனக்கு நாள் முழுக்கத் தட்டச்சு வேலை. அச்சுக்குப் போகும் நூல்களை மெய்ப்புப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் லேப்டாப்பின் டச்பேடை அகலமாக வைக்கிறார்கள். என் கையோ கொஞ்சம் கனம். உள்ளங்கை பட்டவுடன் கர்சர் மூன்று பத்தி தாண்டிப் போய் நிற்கும், அடித்துக்கொண்டிருந்த சொல்லின் மீதி அங்கே விழும். பிழை திருத்துகிற ஆளே பிழை சேர்த்துக் கொடுத்தால் யார் காசு தருவார்கள்?

இன்றைய லினக்ஸ் டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் டச்பேடைக் கவனித்துக்கொள்வது லிப்இன்புட் என்ற மென்பொருள். தட்டச்சு செய்யும்போது டச்பேடை நிறுத்திவைக்கும் வசதி அதிலேயே உண்டு. விசையை அழுத்தியதும் டச்பேட் ஒரு கணம் செயலற்றுப் போகும். கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்ற விசைகளை மட்டும் அது கணக்கில் எடுப்பதில்லை. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்ய முடிய வேண்டுமே. நன்றாக யோசித்துச் செய்த வேலைதான். ஆனால் மெய்ப்பாளர் அடிப்பதைவிட நின்று யோசிப்பதே அதிகம், கை சாய்வதும் அப்போதுதான். அந்தக் கணம் முடிந்ததும் டச்பேட் விழித்துக்கொள்கிறது. தவிர, இந்த வசதி லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டுக்கானது. யுஎஸ்பி கீபோர்டை லேப்டாப்பின் மேலேயே வைத்து அடிப்பவர்களுக்குப் பொதுவாக உதவாது.

சரி, மொத்தமாக அணைத்துவிடலாம் என்றால், லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோமின் செட்டிங்ஸில் மவுஸ், டச்பேட் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. சொன்னதைச் செய்யும். ஆனால் மவுஸை எடுத்துக்கொள்ளாமல் லேப்டாப்போடு வேறு அறைக்குப் போனால், திரும்ப இயக்கும்வரை கையில் கீபோர்டு மட்டும்தான்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த வழி. மவுஸ் செருகியிருந்தால் டச்பேட் அணையும், மவுஸைக் கழற்றினால் தானே உயிர் பெறும். க்னோமில் இதைச் செய்ய, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஜிசெட்டிங்ஸ் கட்டளை வேண்டும்: டச்பேடுக்கான பிரிவில் 'சென்ட்-ஈவென்ட்ஸ்' என்ற அமைப்புக்கு 'டிசேபில்டு-ஆன்-எக்ஸ்டர்னல்-மவுஸ்' என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் போதும், ரீபூட் செய்தாலும் நிற்கும். இவ்வளவு உபயோகமான ஒன்றுக்கு செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கலாம். டெர்மினல் பக்கமே போகாதவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியப்போவதில்லை.

பழைய குறிப்புகளில் சின்கிளையன்ட் கட்டளை அடிக்கடி தென்படும். அது சினாப்டிக்ஸ் என்ற பழைய டச்பேட் டிரைவரோடு மட்டுமே பேசும், லிப்இன்புட் ஓடும் கணினியில் பயனில்லை. எக்ஸ்இன்புட் என்ற கட்டளை இன்னமும் நல்ல கருவிதான், திரையைக் கையாளும் பழைய அமைப்பான எக்ஸ்11-இல் இருந்தால். பட்டியலில் டச்பேடைக் கண்டுபிடித்து 'டிசேபில்' சொன்னால் உடனே அணையும். எண்ணைக் கொடுக்காமல் பெயரைக் கொடுங்கள். அடுத்த முறை கணினி எழும்போது எண் மாறியிருக்கலாம். அந்தக் கட்டளை ரீபூட்டுக்குப் பின் நிற்காது என்பதால் தொடக்க நிரல்களில் சேர்க்க வேண்டியிருக்கும். எக்ஸ்11-க்குப் பின் வந்த வேலண்டில் எக்ஸ்இன்புட் காட்டுவதெல்லாம் போலிச் சாதனங்கள்; அவற்றை அணைத்தாலும் டச்பேட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சில லேப்டாப்களில் டச்பேடுக்கென்றே ஃபங்ஷன் விசை உண்டு. இருந்தால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள்.

நான் வைத்திருப்பது அந்த ஜிசெட்டிங்ஸ் அமைப்பைத்தான். அதிலும் ஒரு சிக்கல் வரலாம்: சில வயர்லெஸ் கீபோர்டுகளின் ரிசீவர் தன்னை மவுஸ் என்றும் சொல்லிக்கொள்ளும். மேசையில் மவுஸே இல்லாதபோதும் டச்பேட் அசையாது. ரிசீவரைக் கழற்றுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் சூப்பர் விசையை (பெரும்பாலும் விண்டோஸ் குறி உள்ள விசை) அழுத்தி, டெர்மினலைத் தேடித் திறந்து, அதே அமைப்புக்கு 'எனேபில்டு' கொடுத்தால் திரும்பிவிடும்.