பீஸ் கோரா, ஜெட் திட்டமா?

வெளிநாட்டில் கற்பிக்க விரும்பும் அமெரிக்கப் பட்டதாரிகள் பலர், 1961இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோருக்கும் வெளிநாட்டுப் பட்டதாரிகளைப் பெரும்பாலும் பள்ளிகளில் பணிபுரிய அழைக்கும், 1987இல் தொடங்கிய ஜப்பான் அரசின் ஜெட் திட்டத்துக்கும் இடையே தயங்குகின்றனர்.

காலம்: பீஸ் கோருக்குப் பயிற்சியோடு 27 மாதங்கள் தேவை. ஜெட் ஓராண்டு ஒப்பந்தம். ஐந்தாண்டு வரை நீட்டிக்கலாம்.

பணம்: முன்னதில் எளிய வாழ்க்கைக்கான படி மட்டுமே, பின்னதில் முறையான சம்பளம் உண்டு.

வகுப்பறை: என்னைப் பொறுத்தவரை இதுவே முதன்மையானது. ஜெட்டில் பெரும்பாலோர் ஜப்பானிய ஆசிரியருக்குத் துணையாகவே ஆங்கிலம் கற்பிக்கின்றனர். பீஸ் கோரிலோ, ஏறத்தாழ மூன்று மாதப் பயிற்சிக் காலத்தில், பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்களின் மொழியைக் கற்று, அதன் பின்னரே பள்ளிக்குள் நுழைகின்றனர். அந்த மொழியறிவு மாணவரின் தடுமாற்றத்தை உள்ளிருந்து புரியவைக்கிறது.

கல்விக் கடன் சுமை உள்ளோருக்கு ஜெட் பொருந்தும். ஓர் ஊரோடு ஒன்றி வாழ்ந்து கற்பிக்கத் துணிவோர் பீஸ் கோரையே தேர்ந்தெடுக்கலாம்.