ஃபுளோரன்ஸிலிருந்து ஒரு நாள்: சியெனாவா, சான் ஜிமிஞானோவா?

ஃபுளோரன்ஸில் தங்கிச் சுற்றுபவர்களுக்கு ஒரு நாள் உபரியாகக் கிடைத்தால் எழும் கேள்வி இது. இரண்டுமே இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலுள்ள மலை ஊர்கள், இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டையும் காட்டும் சுற்றுலா பஸ்களும் உண்டு. அதில் போனால் வாகனம் நிறுத்துமிடங்களை நன்றாகப் பார்க்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கார் இல்லாதவர் என்றால் சியெனாவுக்கே போங்கள்.

போய்ச் சேருவதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. சியெனாவுக்கு நேரடி விரைவுப் பேருந்து இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் பழைய நகரத்தை ஒட்டி, மேட்டிலேயே இறக்கிவிடும். ரயிலும் உண்டு, ஆனால் ஸ்டேஷன் பள்ளத்தில். எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டராக ஏறிய பிறகும் நடை பாக்கி இருக்கும். சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே இல்லை. பக்கத்து ஊரான பொஜ்ஜிபோன்சியில் இறங்கி உள்ளூர் பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிறுகளில் அந்த பஸ்ஸும் குறைவு.

தூரத்திலிருந்து பார்த்தால் சான் ஜிமிஞானோவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பணக்காரக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு எழுப்பிய கோபுரங்கள் ஒரு காலத்தில் 72 இருந்ததாகச் சொல்வார்கள். இன்று நிற்பவை 14. 1348 கொள்ளைநோயில் ஊர் நொடித்தது, 1353-இல் ஃபுளோரன்ஸின் கைக்குப் போனது. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை, அதனால் கோபுரங்கள் பிழைத்தன. ஆனால் உள்ளே போனால், ஒரு வாசலிலிருந்து மறு வாசல் வரை ஒரே பெரிய தெரு, இரு பக்கமும் தோல்பை, ஐஸ்கிரீம் கடைகள். நண்பகலில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் பலர் வடக்குக் கோடியிலுள்ள சான்ட் அகோஸ்தினோ தேவாலயம் வரை வருவதில்லை. புனித அகுஸ்தீனின் வாழ்க்கையை 1460-களில் பெனோட்சோ கொட்சோலி அங்கே சுவரோவியமாகத் தீட்டியிருக்கிறார். முதல் காட்சியில் பெற்றோர் சிறுவன் அகுஸ்தீனைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு பையனை ஒருவன் முதுகில் தூக்கிப் பிடித்திருக்க, வாத்தியார் அவன் பின்புறத்தில் விளாசுகிறார். நம் திண்ணைப் பள்ளிக்கூடமேதான்! இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கோபுரங்கள் அப்புறம்.

சியெனாவில் ஒரு பகல் போதாது. காம்ப்போ சதுக்கம் சிப்பி வடிவில் சரிந்து இறங்கும் செங்கல் தரை. 1355 வரை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியை நினைவூட்ட ஒன்பது பாகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கீழ்முனையிலுள்ள நகர மாளிகைக்குள் அம்ப்ரோஜோ லொரென்செத்தி 1338-39-இல் வரைந்த நல்லாட்சி, கொடுங்கோலாட்சி ஓவியங்கள் இருக்கின்றன. நல்லாட்சி நகரத்தில் கூரை மேல் கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள், தெருவில் பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். பார்த்துவிட்டு மாளிகையின் பின்மாடத்துக்குப் போங்கள். வெளியே தெரியும் குன்றும் வயலும் ஓவியத்தில் உள்ளதைப் போலவே இருக்கும்.

அப்புறம் கதீட்ரல். 1339-இல் சியெனாக்காரர்களுக்குப் பேராசை: இருக்கும் கோயிலைச் சிலுவை வடிவக் கட்டடத்தின் குறுக்குக் கையாக வைத்துக்கொண்டு அதைவிடப் பெரிய கூடம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அதே 1348 கொள்ளைநோய்க்குப் பிறகு வேலை நின்றது. கூரையில்லாத அந்தக் கூடத்தின் முகப்புச் சுவர் மட்டும் இன்றும் தனியாக நிற்கிறது, ஜன்னல் வழியே வானம் தெரிய. அதன் மேல் ஏறலாம். நகர மாளிகையின் மாஞ்சா கோபுரத்திலுள்ள 400 படிகளை விட இது லேசு, காட்சியும் குறைவில்லை. கதீட்ரலின் பளிங்குத் தரைச் சித்திரங்களைப் பெரும்பாலான மாதங்கள் மூடி வைத்திருப்பார்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை போவது உத்தமம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டும் பாலியோ குதிரைப் பந்தய நாட்கள். பந்தயம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, மற்றபடி தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சைவக்காரர்கள் பூண்டும் தக்காளியும் போட்ட பிச்சி கேட்கலாம். கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ்.

என் தீர்ப்பு மாறும் இடம் ஒன்றுண்டு. கார் இருந்து, ஓர் இரவு தங்கவும் முடியுமானால் சான் ஜிமிஞானோவுக்குப் போங்கள். மாலையில் பஸ் கூட்டம் கிளம்பியதும் சிஸ்தெர்னா சதுக்கத்துக் கிணற்றுப் படியில் உட்கார இடம் கிடைக்கும். காரை மட்டும் மதிலுக்கு வெளியே விடுங்கள். உள்ளே ஓட்டினால் அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.