பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்த அறிக்கையை நம்பாதீர்கள்: ஹைப்பர்-வி ஹோஸ்ட்களில் எங்களுக்கு நடந்தது

ஹைப்பர்-வி ஹோஸ்ட் சர்வர்கள் (பல விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் விண்டோஸ் சர்வர்கள்) நிறைய வைத்திருந்து, அவற்றின் நெட்வொர்க் அடாப்டர் செட்டிங்குகளை வெளியாட்களை வைத்து ஸ்கிரிப்ட்டில் மாற்றப்போகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, செய்யாத வேலையைச் செய்ததாக அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். போகிற போக்கில் அந்த ஹோஸ்ட்களைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டரையும் படுக்க வைத்தார்கள்.

வேலை பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஸ்டோரேஜுக்கும் லைவ் மைக்ரேஷனுக்கும் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது) போகும் அடாப்டர்களில் ஜம்போ ஃபிரேம் (வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் சுமார் 9000 பைட் பாக்கெட்) போட வேண்டும், விஎம்கியூ (விஎம்களுக்கு வரும் நெட்வொர்க் சுமையை ப்ராசஸர் கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) செட்டிங்குகளைச் சீராக்க வேண்டும், அடாப்டர் பெயர்களை எல்லா ஹோஸ்ட்டிலும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும். இத்தனை சர்வர்களில் கையால் செய்தால் எங்காவது ஒன்று விட்டுப்போகும். விண்டோஸின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்தான் இதற்குச் சரி. அனுபவம் உள்ளவர்கள் என்று சொல்லி ஒரு நிறுவனம் வந்தது. முதலில் ஒரே ஒரு ஹோஸ்ட்டில் சோதனை, அப்புறம் ஒவ்வொரு ஹோஸ்ட்டாக விஎம்களை நகர்த்திக் காலி செய்துவிட்டு மாற்றம், மாற்றுவதற்கு முன் இருந்த மதிப்புகளின் பதிவு என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம். மூன்றில் ஒன்றைக்கூட அவர்கள் செய்யவில்லை.

வேலை நேரத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், எல்லா ஹோஸ்ட்களின் பெயரையும் ஒரே பட்டியலில் போட்டு 'இன்வோக்-கமாண்ட்' கொடுத்து ஓட்டிவிட்டார்கள். அந்தக் கட்டளை ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாது. நாமாகக் குறைக்காவிட்டால் ஒரே நேரத்தில் 32 கணினிகள் வரை இறங்கி வேலை செய்யும். அடாப்டரின் ஜம்போ, விஎம்கியூ செட்டிங்குகளை மாற்றும் கட்டளைகளோ, 'நோ-ரீஸ்டார்ட்' என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அடாப்டரையே நிறுத்தித் திரும்பத் தொடங்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எல்லா ஹோஸ்ட்டிலும், டீமில் (ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய குழுவில்) இருக்கும் எல்லா அடாப்டரும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுந்து எழுகின்றன. விண்டோஸ் சர்வர் 2016 கிளஸ்டர் ஒரே சப்நெட்டில் நொடிக்கு ஒன்றாக 'உயிரோடு இருக்கிறேன்' என்ற ஹார்ட்பீட் அனுப்பும். 10 தவறினால் அந்த நோடை (கிளஸ்டரில் உள்ள ஹோஸ்ட்டை) கணக்கில் இருந்து எடுத்துவிடும். டிரைவர் திரும்ப ஏறி, ஸ்விட்ச் போர்ட் திரும்பப் பேசத் தொடங்குவதற்குள் 10 நொடி ஓடிவிடும். ஒரு நோட் விழுந்தால் மற்றவை தாங்கும், அதற்காகத்தானே கிளஸ்டர் வைத்திருக்கிறோம். எல்லாம் சேர்ந்து விழுந்தால் தாங்க யார் இருக்கிறார்கள்? ஸ்டோரேஜ் போன கையோடு விஎம்கள் 'பாஸ்ட்-கிரிட்டிகல்' என்று நின்றன. சில அணைந்தே போயின.

போன் செய்து கேட்டால், "உங்கள் ஸ்விட்ச்சில் ஏதோ பிரச்சினை" என்றார்கள். அதை ஆராய்ந்து சொல்லத் தனிக் கட்டணம் ஆகும் என்று மறுநாளே மின்னஞ்சலும் அனுப்பினார்கள். ஸ்விட்ச் லாக்கில் எல்லா ஹோஸ்ட்களின் போர்ட்டுகளும் ஒரே நிமிடத்தில் இறங்கி ஏறியது பதிவாகியிருந்தது. நிறுத்தியது அந்த முனையில் இருந்த சர்வர்தான் என்பதை அதைப் பார்த்த யாரும் சொல்லிவிடலாம்.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது அவர்கள் கொடுத்த அறிக்கை. ஒவ்வொரு ஹோஸ்ட்டின் பெயர், பக்கத்தில் பச்சை எழுத்தில் 'வெற்றி'. ஒரு சிவப்புகூட இல்லை. சந்தேகப்பட்டு ஸ்கிரிப்ட்டைக் கேட்டேன். "எங்கள் சொத்து, தர முடியாது" என்று இழுத்தடித்தார்கள். ஒப்பந்தத்தைக் காட்டிய பிறகே வந்தது. திறந்து பார்த்தால், மாற்றும் வரியின் கடைசியில் 'சைலன்ட்லி-கன்டின்யூ'. அதாவது பிழை வந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போ. அந்த அடுத்த வரிதான் பச்சையில் 'வெற்றி' என்று எழுதுவது. இடையில் எந்த நிபந்தனையும் இல்லை. மாற்றம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் பச்சைதான் வரும். பிழையைப் பிடிப்பதற்கான ட்ரை-கேட்ச்சும் போட்டிருந்தார்கள், பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் 'எர்ரர்-ஆக்‌ஷன்' 'ஸ்டாப்' என்று இல்லாதபோது இப்படிப்பட்ட பிழை கேட்ச்சுக்குள் வரவே வராது.

பிழைகள் வந்திருக்கும், நிச்சயமாக. அவர்கள் செட்டிங்கைத் தேடியது டிஸ்ப்ளே நேமை (திரையில் தெரியும் பெயரை) வைத்து. ஜம்போ பாக்கெட், ஜம்போ ஃபிரேம், ஜம்போ எம்டியு என்று டிரைவருக்கு டிரைவர் அந்தப் பெயர் மாறும். எங்கள் ஹோஸ்ட்களில் இரண்டு வகைக் கார்டுகள் உண்டு. ஒரு வகையில் அந்தப் பெயரே கிடையாது, அதனால் அங்கே ஜம்போ செட்டிங் மாறவே இல்லை. நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஸ்டாண்டர்டு ரிஜிஸ்ட்ரி கீவேர்டை வைத்துத் தேடியிருந்தால் இரண்டிலும் கிடைத்திருக்கும். கொடுக்கும் மதிப்பும் டிரைவரைப் பொறுத்தது. ஒன்று ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து 9014 கேட்கும், இன்னொன்று 9000 கேட்கும். அப்புறம், பிசிக்கல் அடாப்டரில் மட்டும் மாற்றினால் போதாது, வர்ச்சுவல் ஸ்விட்ச்சின் மேல் ஹோஸ்ட்டுக்காக இருக்கும் விஈதர்நெட் அடாப்டரிலும் தனியாகப் போட வேண்டும். ஸ்கிரிப்ட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்படிப்பட்ட பொய் எளிதில் வெளியே தெரியாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். டிசிபி இணைப்பில் இரண்டு முனைகளும் தொடக்கத்திலேயே தங்கள் பாக்கெட் அளவைச் சொல்லிவிடும், சிறிய அளவே நிற்கும். ஒரு பக்கம் 9000, மறு பக்கம் 1500 என்று இருந்தாலும் கோப்பு போகும், லைவ் மைக்ரேஷன் நடக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. "எல்லாம் ஓடுகிறதே, அப்புறம் என்ன?" என்று அவர்கள் தைரியமாகக் கேட்டது இதை நம்பித்தான். உண்மை தெரிய, ஹோஸ்ட்டில் இருந்து ஹோஸ்ட்டுக்கு, பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 8972 பைட் அளவில் பிங் (சோதனைப் பாக்கெட்) கொடுங்கள். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்து சரியாக 9000. எங்களிடம் ஒரு ஜோடி ஹோஸ்ட்டுக்குக்கூட அது போகவில்லை.

விஎம்கியூவிலும் இதே லட்சணம். எல்லா அடாப்டருக்கும் தொடக்க ப்ராசஸர் எண் 0 என்று ஒரே மதிப்பு. கோர்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் எல்லா அடாப்டரையும் அதே முதல் கோரில் இருந்தே தொடங்க வைத்து, ஒன்றோடு ஒன்று மோதவிட்டிருந்தார்கள். ஹைப்பர்-த்ரெடிங் (ஒரு கோர் இரண்டு ப்ராசஸராகத் தெரிவது) இருந்தால் இரட்டைப்படை எண்களாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற யோசனையே அதில் இல்லை.

முன்னிருந்த மதிப்புகளின் பதிவு இல்லாததால், பழைய நிலைக்குத் திருப்புவதும் எங்கள் தலையில் விழுந்தது. பழைய பேக்கப்பையும் ஜம்போ மாற்றம் ஏறாத ஹோஸ்ட்களையும் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு எங்கள் குழுவினர் சரிசெய்தார்கள். இனி இப்படி யாரையாவது அழைத்தால், கடைசித் தவணை அவர்கள் எழுதும் அறிக்கைக்கு அல்ல. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஹோஸ்ட்டில் இருந்தே படித்தெடுத்த மதிப்புகளை நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பிங்கும் போன பிறகுதான். ஸ்கிரிப்ட்டை ஓட்டுவதற்கு முன்பே வாங்கிப் படிப்போம். 'சொத்து' என்று மறுப்பவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுவோம்.

இன்னொன்று, இதை அவசரமாகச் சொல்ல வேண்டும். அந்த ஸ்கிரிப்ட்டில் எங்கள் அட்மின் பாஸ்வேர்டு அப்படியே வெறும் எழுத்தாக இருந்தது. அதற்கு மேலே, ஓடாதபடி கமென்ட் ஆக்கி விட்டுவைத்த வரிகளில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தின் சர்வர் பெயர்களும் பாஸ்வேர்டும். அடுத்து அவர்கள் போன இடத்தில் எங்களுடையதும் அப்படியே கிடக்கலாம். நாங்கள் அன்றே எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். வெளியாட்களை வைத்து இந்த வேலையைச் செய்தவர்கள் அவர்களுக்குக் கொடுத்த கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.