சி3யா, டி2வா? ராணிப் பக்கக் குதிரைக்கு ஏற்ற கட்டம் எது

சதுரங்கத்தில் வெள்ளையின் ராஜா பக்கக் குதிரைக்குப் பெரிய குழப்பம் கிடையாது. எஃப்3-இல் வைத்தால் டி4, இ5 இரண்டையும் பார்க்கும், ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்தும் காஸ்லிங்குக்கும் வழி விடும். எச்3-இல் வைத்தால் 4 கட்டம்தான் கைக்குள் வரும். போதாக்குறைக்கு எதிரி பிஷப் அதை வெட்டினால் ஜி2 சிப்பாய் இடம் மாறி ராஜாவின் கூரை பிய்ந்துபோகும். தகராறெல்லாம் பி1-இல் நிற்கும் ராணிப் பக்கக் குதிரையிடம்தான்.

கணக்குப் பார்த்தால் சி3-க்கே வெற்றி. அங்கிருந்து 8 கட்டங்களுக்குத் தாவலாம், டி2-விலிருந்து 6. சி3 குதிரை இ4, டி5 இரண்டையும் பிடிக்கிறது. டி2 குதிரைக்கு இ4 மட்டும்தான். அதோடு சி1 பிஷப்பின் வாசலை அடைத்து, டி4 சிப்பாய்க்கு ராணி தரும் காவலையும் மறைக்கிறது. இத்தனை குறை இருந்தும் அதை ஏன் ஆடுகிறார்கள்?

பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்க ஆட்டத்தைப் பாருங்கள்: 1. இ4 இ6 2. டி4 டி5. இப்போது குதிரை சி3-க்கு வந்தால் கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து அதைக் கட்டிப்போடும். வெள்ளை இ5 தள்ள, கறுப்பு சி5 தள்ள, வெள்ளை ஏ3 தள்ளியதும் பிஷப் குதிரையை வெட்டும். சி வரிசையில் இரட்டைச் சிப்பாய்கள் மிஞ்சும். ஈடாக இரண்டு பிஷப்புகள் கையில் இருந்தாலும் அந்தச் சிப்பாய்கள் கடைசிவரை தலைவலிதான்.

டி2-வில் வைத்தால் பி4 பிஷப்பை சி3 சிப்பாய் விரட்டிவிடும், கறுப்புக்கு ஒரு நகர்வு நஷ்டம். அதனால் கறுப்பு வேறு வழி பிடிக்கும்: உடனே சி5. வெள்ளை டி5-இல் வெட்டி, கறுப்பும் இ சிப்பாயால் திரும்ப வெட்டினால், கறுப்பின் டி5 சிப்பாய் பெரும்பாலும் தனித்துப்போகும். உலக சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸின் 1974 இறுதிப் போட்டியில் கோர்ச்னாய்க்கு எதிராகக் கார்போவ் திரும்பத் திரும்ப ஆடியது இந்த டி2-வைத்தான். கறுப்பு சி5-க்குப் பதில் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து, இ5-க்குப் பின் டி7-க்குப் பின்வாங்கினால், வெள்ளையின் இன்னொரு குதிரை எஃப்3-க்கு அல்ல, இ2-வுக்குப் போவதே வழக்கம். எஃப்3 டி2 குதிரைக்காகக் காத்திருக்க வேண்டும்.

புதிதாகப் பழகுபவர் சி3-யிலேயே தொடங்கலாம். டி2 பொறுமைக்காரர்களின் கட்டம்.

ஆனால் வெள்ளை டி4-இல் தொடங்கும் ஆட்டங்களில் வரிசை முக்கியம்: முதலில் சி4, பிறகு குதிரை சி3. மாற்றி ஆடினால் சொந்தக் குதிரையே சிப்பாயின் வழியை மறிக்கும். வெள்ளை சி4 சிப்பாயை இரையாக நீட்டும் குயின்ஸ் கேம்பிட்டை ஏற்காத கறுப்பு, குதிரையை சி6-க்கு அனுப்பாமல் டி7-இல் வைப்பதும் இதனால்தான். சி5 தள்ள வழி திறந்திருக்கும். எஃப்6-இல் பிஷப் வெட்டினாலும் குதிரையால் திரும்ப வெட்டலாம், சிப்பாய் அமைப்பு கலையாது.

டி7-க்கும் ஒரு கண்ணி உண்டு. காரோ-கான் என்ற தொடக்க ஆட்டத்தில்: 1. இ4 சி6 2. டி4 டி5 3. குதிரை சி3, சிப்பாய் இ4-இல் வெட்டு 4. குதிரை திரும்ப வெட்டு, குதிரை டி7 5. ராணி இ2. இங்கே யோசிக்காமல் ஜி8 குதிரையை எஃப்6-க்கு எடுத்தால் 6. குதிரை டி6, மேட்! இ7 சிப்பாயால் வெட்ட முடியாது, நகர்ந்தால் ராணியின் கோடு திறந்துவிடும். ராஜா தப்ப வேண்டிய டி7-இல் தன் குதிரையே நிற்கிறது. அந்த டி7 குதிரையையே எஃப்6-க்கு நகர்த்தினால் ராஜாவுக்கு வழி கிடைக்கும். இ6 தள்ளினாலோ எஃப்8 பிஷப் டி6-ஐக் காக்கும்.