மலையடி வீடு: பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா?

குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டி தாண்டி, தாடகை மலை அடிவாரத்தில் எங்களுக்கு எட்டு சென்ட் நிலமும் தாத்தா கட்டிய ஓட்டு வீடும் இருக்கின்றன. மாசி, பங்குனியில் மலைமேல் புல் காய்ந்து தீப்பிடித்தால், ராத்திரி திண்ணையில் இருந்தே தீ வரிசை தெரியும். கூரை ஒழுக ஆரம்பித்ததும் வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்றான் அண்ணன். சுவரை வைத்துக்கொண்டு கூரையை மாற்றினால் போதும் என்றேன் நான். கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது, இன்றைக்கும் அதையே சொல்வேன்.

செலவு குறைவு, நாளும் குறைவு, கோடையில் ஓட்டு வீடு குளிர்ச்சி. இவையெல்லாம் தெரிந்த விஷயம்தான்.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பூச்சு, தரை, அதே உயரத்தில் கூரை மாற்றுவது மாதிரியான வேலைகளுக்குத் திட்ட அனுமதி வேண்டாம். இடித்துக் கட்டினால் அது புது வீடு. எங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறது. ஊரில் ஹாகா என்பார்கள், 1990-இல் அமைத்தது. அதனால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை என்று ஒவ்வொரு இடத்திலும் தடையின்மைச் சான்று கேட்பார்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை, அதாவது விவரங்களுக்கு நாமே உறுதி கொடுத்து இணையத்தில் அனுமதி வாங்குவது, சுலபம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனைக்குத்தான். எட்டு சென்ட் என்றால் ஏறக்குறைய 3,485 சதுர அடி, நமக்குப் பொருந்தாது.

அலைச்சலுக்குப் பயந்து நான் பழுது பார்க்கும் வழியைப் பிடித்ததாக நினைக்க வேண்டாம். அந்தத் துறைகள் பார்க்கிற விஷயங்கள் நியாயமானவை: மண் அரிக்குமா, சரிவு நிற்குமா, காட்டு எல்லை எவ்வளவு தூரம். ஒரு நாள் சாயங்காலம் அவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் நின்றேன். அங்கேதான் எனக்கு முடிவு கிடைத்தது.

வீட்டின் பின்சுவரில் இருந்து ஒன்பது அடியில் கையாலை. சிமெண்ட் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கியது. அதற்கு மேலே கொல்லாமரங்கள், அதாவது முந்திரி மரங்கள், நிற்கும் சரிவு. புது வீட்டுக்குப் பொறியாளர் போட்டுத் தந்த படத்தில், முன்னால் இடம் விடுவதற்காக வீடு பின்னால் தள்ளிப் போயிருந்தது. அப்படியென்றால் கையாலையைப் பிரித்து, சரிவை ஓர் ஆள் உயரத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோகத் தனி அனுமதி. அதுகூடப் பரவாயில்லை. மேலே தீ வந்துவிட்டுப் போனால் புல்லும் வேரும் கருகிவிடும், மண்ணைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது. அடுத்து வருகிற ஐப்பசி மழையில், வெட்டி நிறுத்திய சரிவு அப்படியே வீட்டுக்குள் இறங்கும். 2021 நவம்பரில் நம் மாவட்டத்தையே மழை புரட்டிப் போட்டபோது இந்தக் கையாலையின் இடுக்குகளில் இருந்து தண்ணீர் தெளிவாகக் கசிந்து ஓடியதைப் பார்த்தேன். ஒரு கல்கூட நகரவில்லை. தீயும் மழையும் மாறி மாறி வருகிற இடத்தில் சரிவைத் தொடாமல் செய்கிற வேலைதான் நல்ல வேலை. எங்கள் வீட்டுக்குப் பழுது பார்ப்பதில் மட்டும்தான் அது முடியும்.

ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய குறை உண்டு. அனுமதி வேண்டாம் என்பதால் எந்த அதிகாரியும் வந்து பார்க்க மாட்டார்கள், பாதுகாப்பை நாமேதான் கவனிக்க வேண்டும். ஆசாரி ஓட்டைக் கழற்றியபோது இறவாரத்தில் அணில் கூடு கட்டியிருந்தது: தேங்காய் நார், பஞ்சு, காய்ந்த சருகு. அதற்கு ஒரு முழம் தள்ளி, கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோலில் கட்டைவிரல் அளவுக்குக் கருகல். "இதப் பாத்தியளா, தீ ஏற்கெனவே வந்துட்டுப் போயிருக்கு" என்றார். எந்த வருடம் பறந்து வந்த கங்கோ, தானாக அணைந்திருக்கிறது. அணில் கூட்டில் விழுந்திருந்தால் வீடே போயிருக்கும். அன்றைக்கே கழுக்கோல், அதன்மேல் ஓடு உட்காரும் பட்டியல் சட்டங்கள் எல்லாவற்றையும் இரும்பில் போட முடிவு செய்தோம். இறவார இடைவெளி முழுவதையும் நெருக்கமான கம்பி வலையால் அடைத்தோம். மேலே அதே பழைய ஓடுதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தீ அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புதரும் சருகும் சேர விடக்கூடாது என்பது சட்டம், பார்வையிடவும் ஆள் வருவார்கள். எட்டு சென்ட்டில் 100 அடிக்கு எங்கே போவது? சுவரை ஒட்டி ஐந்து அடி மட்டும் விறகு, ஓலை, செடி எதுவும் இல்லாமல் சரல்கல் பரப்பியிருக்கிறேன். தை பிறந்தால் வாரம் ஒருமுறை ஏணி போட்டு ஓட்டுமேல் கிடக்கும் சருகைத் தள்ளுவது என் வேலை. கான்கிரீட் கூரைக்கு இவ்வளவு பராமரிப்பு வேண்டாம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூரைமேல் சாயும் கொல்லாக் கிளையை வெட்டும் முன்பும் விசாரியுங்கள். 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் சட்டத்தில் உங்கள் சர்வே எண் வந்திருந்தால் மரம் வெட்டவும் நிலத்தை விற்கவும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். அப்புறம், சுவரை ஓர் அடி உயர்த்தினாலோ ஓர் அறையை நீட்டினாலோ அது பழுது பார்க்கும் வேலை இல்லை. மாடியில் ஓர் அறை வேண்டும் என்ற அம்மாவின் ஆசையை அதனால்தான் விட்டோம்.

நாங்கள் கையிருப்பில் வேலையை முடித்ததால் வங்கிக் கடன் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை. புதுக் கூரை போட்ட பிறகு மலையில் பெரிய தீயும் வரவில்லை, வலை எப்படித் தாங்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அஸ்திவாரமே இறங்கி, சுவரில் விரல் நுழைகிற விரிசல் இருந்தால் என் வழி உதவாது. அப்போது இடித்துத்தான் கட்ட வேண்டும், அப்படிக் கட்டினாலும் சரிவை வெட்டாத படமாகப் போடச் சொல்லுங்கள்.