மரக்கிளையா, பஞ்சாரமா, கழி கட்டிய கூண்டா? கோழி இரவில் அடைய எது நல்லது

பொழுது சாயும்போது கோழிகளைக் கவனித்துப் பாருங்கள். மேய்ச்சலை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி நீட்டி மேலேயே பார்க்கும். தரையில் எவ்வளவு இடம் கிடந்தாலும் ஏறத்தான் வழி தேடும். நம் கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழி இன்றும் காட்டில் மரத்தில்தான் அடைகிறது. இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது; ஓடித் தப்ப முடியாது. அதனால் எதிரிக்கு எட்டாத உயரமும், கால் விரல் பற்றிக்கொள்ள ஒரு பிடிமானமும் அதற்கு வேண்டும். இரவு இடம் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

இந்தக் கணக்கில் மரத்துக்கு ஈடு இல்லை. கொய்யாவோ பூவரசோ வேம்போ, கிளையில் உட்கார்ந்து காலை மடக்கியதும் விரல்கள் தாமே இறுகிக்கொள்ளும், தூங்கினாலும் விழாது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்துக்கு மரக்காற்று பெரிய உதவி. எச்சமும் கீழே போய்விடுவதால் நெடி கிடையாது.

ஆனால் மரநாயும் காட்டுப்பூனையும் மரம் ஏறும். பெரிய ஆந்தை பறந்தே வரும். கீரியின் தொல்லை பெரும்பாலும் பகலோடு சரி, இவை இரவில் வருபவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விடிய விடிய நனைந்த கோழிக்கு நோய் எளிதில் தொற்றும். பெருவிடைச் சேவல் போல உடம்பு கனத்தவை காலையில் உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் அடிபட்டுப் புண்ணாகும். விடிந்ததும் தானே இறங்கிப் போகும் பெட்டை வேலியோரத்தில் முட்டையிட்டால் நம் கைக்கு வராது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடக் கோழியைப் பிடிக்க இரவுதான் தோதான நேரம். மரத்தில் உயரே இருந்தால் அதுவும் எளிதில் கைகூடாது. ஊருக்குள், விலங்குத் தொல்லை குறைந்த இடத்தில், சிறுவிடைக் கோழிக்குக் கோடையில் மட்டும் மரம் சரி என்பேன்.

கோழியைக் கவிழ்த்து மூடும் பின்னல் கூடையான பஞ்சாரத்தைப் பழமை என்று ஒதுக்குவதும் தவறு, எல்லாக் கோழிக்கும் அதுவே போதும் என்பதும் தவறு. அது தாய்க்கோழிக்கும் குஞ்சுகளுக்கும் உரியது. பிறந்து சில வாரங்கள் வரை குஞ்சு கழி ஏறாது. தரையில் தாயின் இறக்கைச் சூட்டில்தான் கிடக்கும். அந்த நாட்களில் பஞ்சாரத்தை விஞ்ச எதுவுமில்லை. மேலே கல் வைக்க வேண்டும், நாய் புரட்டிவிடும். மண் தரையில் கவிழ்த்தால் பெருச்சாளி அடியில் பறித்துக்கொண்டு வரும். சிமெண்டுத் தரையோ கல் பாவிய இடமோ நல்லது. வளர்ந்த கோழிகளை அதில் அடைத்தால் இரவெல்லாம் தன் எச்சத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். நெஞ்சு இறகு ஈரமாகி, அந்த நெடியில் மூச்சும் கண்ணும் கெடும்.

கடையில் கிடைக்கும் தாழ்வான கம்பிவலைக் கூண்டு, உள்ளே கழி இல்லாவிட்டால், வளர்ந்த கோழிக்கு ஆகாது. கம்பித் தரை பாதத்தை அறுக்கும்.

என் தேர்வு, உள்ளே கழி கட்டிய உயரமான கூண்டு. கூண்டுக்குள் ஒரு கிளையைக் கொண்டுவந்து வைப்பதுதான் இதன் சாரம். கழியின் மேல்பரப்பு 4 முதல் 5 செ.மீ. அகலமும், விளிம்பு மழுங்கலுமாக இருக்கட்டும். இரும்புக் குழாய் வழுக்கும். சவுக்குக் கழி என்றால் பட்டையை உரித்துவிடுங்கள். செல் என்னும் பொடி உண்ணி பகலெல்லாம் பட்டை இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். காலையில் பார்த்தால் கோழி உடம்பில் ஒன்றும் இருக்காது, ஆனால் கொண்டை வெளுத்துக்கொண்டே போகும். கழியின் முனைகளையும் பொருத்துகளையும் விளக்கு வைத்து இரவில் பார்த்தால்தான் அகப்படும்.

ஒரு கோழிக்கு 20 செ.மீ. நீளமாவது வேண்டும். கழிகளை ஒரே மட்டத்தில் கட்டுங்கள். படிப்படியாகக் கட்டினால் எல்லாமே மேல் கழிக்குத்தான் சண்டையிடும், வலுத்தது இளைத்ததைக் கொத்தித் தள்ளும். முட்டைப் பெட்டி கழியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியிலேயே அடைந்து எச்சமிட்டு, மறுநாள் முட்டையை அழுக்காக்கும். கழிக்கு அடியில் சாம்பல் தூவிய சாக்கை விரித்துக் காலையில் உதறினால் வேலை முடிந்தது. சுவரின் மேல்பகுதியில் காற்றுக்கு வலை விடுங்கள்; மெல்லிய கோழிவலையை நாய் கிழித்துவிடும், பற்றவைத்த கம்பிவலையே தாங்கும்.

மரத்தில் பழகிய கோழிகளைக் கூண்டுக்கு மாற்றப் பகலில் துரத்த வேண்டாம். இருட்டியபின் மெதுவாகத் தூக்கிவந்து கழியில் உட்கார வையுங்கள். ஒரு வாரம் வெளியே விடாமல் உள்ளேயே தீனியும் தண்ணீரும் கொடுங்கள். பிறகு திறந்துவிட்டாலும் பெரும்பாலானவை அந்தியில் தாமே திரும்பி வரும். ஒன்றிரண்டு மரத்துக்கே போனால், அவற்றை மட்டும் மறுபடி தூக்கி வர வேண்டியிருக்கும்.