மூப்படைந்த செல்லைக் காட்டும் நீலச் சாயக் கிட்: வாங்கலாமா?

எங்கள் ஆய்வகத்தில் மூப்படைந்த செல்களை, அதாவது பிரிவதை நிரந்தரமாக நிறுத்திவிட்ட செல்களைக் கண்டுபிடிக்க, பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியைக் காட்டும் சாயக் கிட் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறோம். தாராளமாக வாங்கலாம். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

1995-இல் வெளியான முறைதான் இதற்கு அடிப்படை. செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமில் உள்ள இந்த நொதி பிஎச் 4-ஐ ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும். பிரிவதை நிறுத்திவிட்ட செல்லில் லைசோசோம்கள் பெருத்து, நொதியும் மிகுந்துவிடுவதால் பிஎச் 6-லும் அது தென்படுகிறது. கிட்டில் உள்ள எக்ஸ்-கால் என்ற நிறமற்ற பொருளை நொதி உடைக்க, அது நீலமாகிறது. டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் டாக்ஸோரூபிசின் மருந்தைக் கொடுத்துச் சில நாள் விட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) தட்டைச் சாயத்தில் வைத்து மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். செல்கள் அகன்று தட்டையாகப் பரந்து கிடக்கும். உட்கருவைச் சுற்றித் திட்டுத்திட்டாக நீலம். மருந்து படாத தட்டில் ஒல்லியான செல்கள், நிறமே இருக்காது. இந்தக் கிட்டில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

குறை கையேட்டில்தான். கார்பன் டை ஆக்சைடு இல்லாத 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்கச் சொல்லும் வரியைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முழுச் சோதனையும் அந்த வரியை நம்பித்தான் இருக்கிறது! வழக்கமான செல் வளர்ப்பு இன்குபேட்டரில் வைத்தால் வாயு கரைந்து பிஎச் இறங்கும், இளம் செல்லும் நீலமாகிவிடும். நெருக்கமாக வளர்ந்த தட்டும் இப்படித்தான் ஏமாற்றும், அதனால் செல்களை இடைவெளி விட்டு வளருங்கள். அப்புறம், எக்ஸ்-காலைக் கரைக்கப் பயன்படும் டைமெத்தில் ஃபார்மமைடு பாலிஸ்டைரீன் குழாயைக் கரைத்துவிடும். பாலிபுரோப்பிலீன் குழாய் எடுங்கள்.

சரி, நீலம் வந்துவிட்டது. அந்தச் செல் பக்கத்துச் செல்களை என்ன செய்துகொண்டிருக்கிறது? எனக்கு முக்கியம் இதுதான். பிரிவை நிறுத்துவது புற்றுநோய்க்கு எதிரான தடை. ஆனால் நின்றுபோன செல் சும்மா இருப்பதில்லை. அதன் உட்கரு உறை தளர்ந்து டிஎன்ஏ துணுக்குகள் சைட்டோபிளாசத்தில் கசிகின்றன. வைரஸ் புகுந்தால் விழித்துக்கொள்ளும் சிகாஸ் புரதம் அவற்றைப் பிடித்து, ஸ்டிங் என்ற இன்னொரு புரதம் வழியாக, அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பாபி-யை முடுக்கிவிடுகிறது. ஐஎல்-6, ஐஎல்-8 போன்ற அழற்சிப் பொருள்கள் வெளியே கொட்டுகின்றன. நோயெதிர்ப்புச் செல்கள் வந்து துப்புரவு செய்தால் நல்லது. இல்லாவிட்டால் நாள்பட்ட அழற்சியாகி, பக்கத்தில் புற்றுநோயை நோக்கி ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட செல்லை வளர்த்துவிடும். இதில் ஒரு துளியைக்கூட நீலச் சாயம் காட்டாது.

அதனால் செல்களை ஃபிக்ஸ் செய்யும் (ரசாயனத்தால் அப்படியே நிலைப்படுத்தும்) முன் அவை வளர்ந்த திரவமான மீடியத்தை எடுத்து உறையவைத்துவிடுங்கள். ஐஎல்-6 எவ்வளவு என்று அளக்கும் எலைசா சோதனைக்கு ஆகும். இன்னொரு தட்டில் செல் பிரிவைத் தடுக்கும் பி16, பி21 புரதங்களைப் பார்த்துவிடுங்கள். நீலத்தை மட்டும் வைத்து 'மூப்பு' என்று எழுதினால் நான் ஏற்க மாட்டேன், மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களும் நீலமாகும்.

திசுவில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: உறையவைத்த வெட்டுகளுக்குத்தான் இந்தக் கிட் சரிப்படும். பாரஃபின் மெழுகில் பதித்த திசுத் துண்டுகளில் நொதி செயலிழந்திருக்கும், அதற்காக இதை வாங்க வேண்டாம்.